பாட்டைத் தேடி அலைந்த துறவி... ஆர்மீனிய மடாலயங்களைக் காதாலும் பார்க்கலாம், வாங்க!

ஆர்மீனியா டிரிப் போகலாம்னு நினைச்சு இன்ஸ்டாவில் தேடிப் பாருங்கள். எல்லா ரீல்ஸும் ஒரே மாதிரிதான் வரும். பின்னால் பனி மூடிய அராரத் மலை, முன்னால் கூம்புத் தலையோடு ஒரு கல் கோயில், மேலே மெல்ல எழும்பும் டிரோன். கூடவே யாரோ இழுத்து இழுத்துப் பாடும் குரல். அந்த இடத்தை உடனே சேவ் பண்ணிடுவீங்க. ஆனா, அந்தக் குரல்? அது என்ன பாட்டுன்னு யாரும் தேடுறதில்லை.

தேடியிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயரில்தான் போய் முட்டியிருப்பீர்கள்... கோமிதாஸ்.

தலைநகர் யெரெவானிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் கெகார்ட் மடாலயம் இருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். 13-ம் நூற்றாண்டில் மலையையே குடைந்து உள்ளே அறைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். மேல் அறையில் தூண்களும் இருட்டும்தான். கூரையில் உள்ள ஒரு துவாரம் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழும். அங்கே நின்று யாராவது ஒரு ஸ்வரம் பிடித்தால் போதும், பாறை அதை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தரும். சுற்றுலாப் பயணிகளுக்காக நாலைந்து பேர் கொண்ட குழுக்கள் அங்கே பாடுவது வழக்கம். அவர்கள் பாடுவதில் பல பாட்டுகள் கோமிதாஸின் நோட்டுப் புத்தகத்தைத் தாண்டி வந்தவை. அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால், அந்த அறையில் இன்றைக்கு உங்களுக்கு எதிரொலி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

அதனால், இந்த மடாலயங்களுக்குப் போவதற்கு முன்னால் இந்த மனுஷனைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. பார்க்கிற கல்லெல்லாம் வேற மாதிரி தெரியும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சொகோமோன். 1869-ல், இன்றைய துருக்கியில் இருக்கும் குதாஹ்யா என்ற ஊரில் பிறந்தார். பீங்கானுக்குப் பேர்போன ஊர். அப்பா செருப்பு தைப்பவர். அம்மா கம்பளம் நெய்பவர். ரெண்டு பேருமே நல்லாப் பாடுவாங்க, சொந்தமாகப் பாட்டும் கட்டுவாங்க. ஆனால், அந்தப் பாட்டுகள் துருக்கி மொழியில். காரணம், அந்த ஊர் ஆர்மீனியர்கள் வீட்டில் பேசியதே துருக்கி மொழிதான். குழந்தைக்கு ஒரு வயது ஆகிறதுக்குள்ளேயே அம்மா இறந்துபோனார். பத்து, பதினோரு வயதில் அப்பாவும் போய்விட்டார். பாட்டி ஒருவர்தான் மிச்சம். எலும்பும் தோலுமான அந்தப் பையன், ஊரில் துணி துவைக்கிற கல்லின் மேல் தூங்கிக்கிடந்ததைப் பார்த்ததாகக் கூடப் படித்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அவனைக் காப்பாற்றியது குரல். 1881-ல் அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் ஆயர் பட்டம் பெறுவதற்காக எச்மியாட்ஸினுக்குப் புறப்பட்டார். அங்குள்ள குருமடத்தில் சேர்ப்பதற்கு, நன்றாகப் பாடக்கூடிய ஓர் அநாதைப் பையனையும் அழைத்து வரும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பல பிள்ளைகளில் சொகோமோன் தேர்வானான்.

எச்மியாட்ஸின் எங்கே இருக்குன்னு கேட்கிறீங்களா? யெரெவானுக்கு மேற்கே, சுமார் 20 கிலோமீட்டரில், வகார்ஷபாத் என்கிற ஊரில். ஆர்மீனியத் திருச்சபையின் தலைமை இடம் அதுதான். 4-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித கிரிகோர் எழுப்பியதாக நம்பப்படும் பேராலயம் நடுவில் நிற்கிறது. உலகின் மிகப் பழைய பேராலயங்களில் ஒன்று. யெரெவானிலிருந்து மினி பஸ் கிடைக்கும், டாக்ஸியும் மலிவுதான். பெரும்பாலான பயணிகள் பேராலயத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத அந்தப் பையன் வந்து இறங்கிய வளாகம் இதுதான்.

திருச்சபைத் தலைவரை அங்கே கத்தோலிக்கோஸ் என்பார்கள். அப்போது இருந்தவர் நாலாம் கியோர்க். பையனிடம் ஆர்மீனிய மொழியில் ஏதோ கேட்டார். பையனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தனக்கு ஆர்மீனியம் தெரியாது, வேண்டுமானால் பாடிக்காட்டுகிறேன் என்று துருக்கி மொழியில் சொன்னான். பாடினான். பாடியது ஓர் ஆர்மீனியத் தேவகீதம். அர்த்தம் தெரியாமல் கேட்டே மனப்பாடம் செய்தது. கிழவரின் கண் கலங்கிவிட்டது என்கிறார்கள். பையன் சேர்த்துக்கொள்ளப்பட்டான்.

சொந்த மொழியை அந்நிய மொழி மாதிரிக் கற்றுக்கொண்ட ஒருவர்தான் அந்த மொழியின் பாட்டையெல்லாம் பின்னாளில் காப்பாற்றினார். இதை மனசுல வச்சுக்கோங்க.

பேராலயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் புனித ஹிரிப்சிமே ஆலயம். தவற விட்டுடாதீங்க. கட்டியது 618-ல். அதாவது 1,400 வருஷத்துக்கு முன்னால். உள்ளே பெரிய ஆடம்பரம் எதுவும் இல்லை. சாம்பல் பழுப்பில் எரிமலைக் கல், மேலே அகன்ற கோபுரக் குமிழ், அதன் ஜன்னல்கள் வழியாகச் சரிந்து விழும் வெயில். கீழே நிலவறையில், மதத்துக்காக உயிர்விட்ட ஹிரிப்சிமேயின் கல்லறை. இதைக் கட்டியவர் 7-ம் நூற்றாண்டு கத்தோலிக்கோஸ் ஒருவர். அவர் கட்டடம் மட்டும் எழுப்பவில்லை, அந்தப் பெண் துறவியர் மேல் ஒரு கீதமும் எழுதினார். நம்ம ஆத்திசூடி மாதிரி, ஒவ்வொரு பத்தியும் ஆர்மீனிய நெடுங்கணக்கின் வரிசைப்படி ஒவ்வோர் எழுத்தில் தொடங்கும். அவர் பெயர் கோமிதாஸ். 1894-ல் சொகோமோன் துறவறம் பூண்டபோது அவருக்குக் கிடைத்தது அந்தப் பெயர்தான். அடுத்த வருடமே வர்தபெத் ஆனார். படித்த துறவிக்குத் தருகிற பட்டம் அது.

குருமடத்தில் படிக்கிற காலத்திலேயே பையனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் பாடுவதைக் கேட்டால் உடனே எழுதிக்கொள்வது. பெரியவர் ஆனதும் அதுவே பைத்தியமாக மாறியது. குறிப்பேடும் பென்சிலுமாகக் களத்து மேட்டில், கல்யாண வீட்டில், திருவிழாவில் எல்லாம் போய் நிற்பார். கிராமத்து ஆட்கள் அவருக்கு நோட்டாஜி வர்தபெத் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நோட்டு எழுதுற சாமியார்னு வச்சுக்கலாம். மொபைலில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தற வேலைதான். ஆனா, காதே மைக், கையே மெமரி கார்டு!

இந்த வேட்டையின் தடம் பார்க்கணும்னா நாட்டின் வடமேற்கே ஆர்திக் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஹரிச்சாவாங்க் போங்க. சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் எட்டிப் பார்க்காத மடாலயம் அது. 7-ம் நூற்றாண்டில் ஒரு சிறிய ஆலயம், 1201-ல் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆலயம். 19-ம் நூற்றாண்டில் இதைக் கத்தோலிக்கோஸ்களின் கோடை வாசஸ்தலமாக வைத்திருந்தார்கள். கோமிதாஸும் கோடையில் இங்கே வருவார். திருவிழாவுக்கு வரும் ஜனங்கள் மடாலயத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடிப் பாடுவார்கள். மற்ற துறவிகளுக்கு அது இரைச்சல். இவருக்குப் பாடசாலை. ஒருத்தி ஒரு வரி எடுத்துக் கொடுக்க, இன்னொருத்தி அதை மாற்ற, மூன்றாவது ஆள் அதன் மேல் ஏறிப் பாட... பாட்டு எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்து எழுதி வைத்தார்.

அப்புறம் லோரி. வடக்கே, ஆழமான பள்ளத்தாக்குகள் நிறைந்த பகுதி. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஹக்பாத், சனாஹின் மடாலயங்கள் இங்கேதான் மலை விளிம்பில் நிற்கின்றன. (ஹக்பாத்தில் இன்னொரு பாட்டுக்காரரின் வாசமும் உண்டு. அரசவையில் காதல் பாட்டுப் பாடிய சயாத் நோவா, கடைசிக் காலத்தில் துறவியாக இருந்த இடம். அது தனிக் கதை.) லோரியின் வர்தப்லூர் கிராமத்தில் கோமிதாஸுக்கு ஓர் ஏர்ப்பாட்டு கிடைத்தது. அங்கே கலப்பை என்றால் நம் ஊர் ஒற்றை ஏர் இல்லை. பல ஜோடி மாடுகள் சேர்ந்து இழுக்கிற கனத்த கலப்பை. அதை ஓட்டவே ஒரு கூட்டம் வேண்டும். பாட்டிலேயே எல்லாம் வரும். மாட்டை அதட்டுவது, கூட்டாளியைக் கூப்பிடுவது, கடவுளிடம் கெஞ்சுவது, சும்மா ஒரு பெருமூச்சு... எல்லாம் ஒரே இழையில். மாட்டை அதட்டும் சத்தத்தைக்கூட விடாமல் ஸ்வரத்தில் எழுதி, அது ஏன் அங்கே வருகிறது என்று ஒரு முழு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

இதில் அவர் கண்டுபிடித்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏர்ப்பாட்டை வீட்டில் உட்கார்ந்து பாடச் சொன்னால் கிராமத்தான் சிரிப்பான். மாடு இல்லாமல், மண் இல்லாமல் அந்தப் பாட்டு எதுக்கு? பாட்டுக்கு ஓர் இடம் உண்டு, ஒரு வேளை உண்டு. அதிலிருந்து பிடுங்கி எடுத்தால் அது பாதிதான்.

ஆர்மீனியப் பாட்டோடு அவர் நிற்கவில்லை. குர்து மக்களின் மெட்டுகளையும் எழுதி வெளியிட்டார். தன் அப்பா அம்மா கட்டிய துருக்கி மொழிப் பாட்டுகளையும் ஊருக்குத் திரும்பிப் போய், நினைவு வைத்திருந்தவர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார். அம்மாவின் குரல் நினைவில்லாத பிள்ளை, அம்மாவின் பாட்டை ஊர்க்காரர்கள் வாயிலிருந்து மீட்டெடுத்தார்.

நடுவில் 1896 முதல் 1899 வரை பெர்லினில் படிப்பு. செலவு, மன்தாஷேவ் என்கிற எண்ணெய் அதிபருடையது. 1906-ல் பாரிஸில் கச்சேரி. அதைக் கேட்ட பிறகு ஐரோப்பிய இசை உலகம் ஆர்மீனியா என்ற பெயரை வேறு விதமாகக் கவனிக்க ஆரம்பித்தது. இதெல்லாம் பெருமைதான். ஆனால் எச்மியாட்ஸினில் நடந்ததுதான் முக்கியம்.

அந்த வருடங்களில் வகார்ஷபாத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தோண்டலும் நடந்துகொண்டிருந்தது. ஸ்வார்ட்னோட்ஸ் என்ற 7-ம் நூற்றாண்டுப் பேராலயம் இடிந்து விழுந்து மண்மூடிக் கிடந்தது. 1901-ல் காச்சிக் தத்யன் என்ற துறவி அதைத் தோண்டத் தொடங்கினார். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற வட்டமான தூண் வரிசை அப்படித்தான் வெளியே வந்தது. ஒரு துறவி கல்லைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, கோமிதாஸ் சத்தத்தைத் தோண்டினார். பழைய ஏடுகளில் பாட்டு வரிகளுக்கு மேலே புள்ளியும் வளைவுமாகச் சில குறிகள் இருக்கும். அவற்றுக்குக் காஸ் என்று பெயர். இடைக்காலத்து ஸ்வரக் குறிகள். எப்படிப் படிப்பது என்பதை எல்லாருமே மறந்துவிட்டார்கள். கோமிதாஸ் வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். திறவுகோல் கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது என்று நம்பினார். யெரெவானில் மதனதரான் என்கிற ஏட்டுச்சுவடி நூலகத்துக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குறிகளைப் பாருங்கள். பார்க்கலாம். பாடத்தான் முடியாது.

கிராமத்துப் பாட்டும் கோயில் பாட்டும் அண்ணன் தம்பி மாதிரி என்பது அவர் வாதம். மேலே படிந்த வேற்று அலங்காரங்களை உதறிவிட்டுப் பார்த்தால் ரெண்டுக்கும் ஒரே ரத்தம் என்று காட்டினார். திருப்பலியை அங்கே பதாரக் என்பார்கள். அதை ஆண் குரல்களுக்கு மட்டுமாக, பல குரல் அடுக்கில் அமைக்கத் தொடங்கினார். திருத்திக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு முற்பகலில் ஏதாவது ஓர் ஆர்மீனிய ஆலயத்தில் பதாரக் கேட்டுவிடுங்கள். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல ஆலயங்களில் உட்கார பெஞ்சு இருக்காது, எல்லாரும் நிற்பார்கள். காலில் நல்ல ஷூ போட்டுட்டுப் போங்க. நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் மெழுகுவத்தி வாங்கி மணல் தட்டில் ஏற்றலாம். ஊர்க்காரர்கள் வெளியே போகும்போது பலிபீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து போவதைக் கவனிப்பீர்கள். திடீர்னு திரும்பி மோதிக்காதீங்க! நம் சென்னையிலும் ஓர் ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது தெரியுமா? பாரிமுனையில், அரண்மனைக்காரத் தெரு என்று பேர் மருவிப்போன அர்மேனியன் தெருவில், 1772-ல் கட்டியது. அழகான முற்றம், பெரிய பெரிய மணிகள் எல்லாம் உண்டு. பாடுவதற்கு ஒரு சபைதான் இல்லை. சத்தம் போன பிறகு ஓர் ஆலயம் எப்படி இருக்கும் என்பதற்கு அதைப் போய்ப் பார்த்தாலே போதும்.

இப்படி ஒரு மனுஷரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கோயில் பாட்டைக் கச்சேரி மேடையில் பாடுவதா, துறவிக்குக் காதல் பாட்டும் கல்யாணப் பாட்டும் எதுக்கு என்று முணுமுணுப்பு. ஆதரவாக இருந்த கத்தோலிக்கோஸ் கிரிமியன் 1907-ல் மறைந்ததும் நிலைமை மோசமானது. 1909-ல் புதிய கத்தோலிக்கோஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், வேலை செய்ய நிம்மதி இல்லை, என்னை எச்மியாட்ஸின் பொறுப்பிலிருந்து விடுவித்து செவன் மடாலயத்தில் தனித் துறவியாக இருக்க விடுங்கள் என்று கெஞ்சுகிற கடிதம்.

செவன் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? 874-ல், ஏரி நடுவில் ஒரு தீவில் கட்டிய மடாலயம். கடுமையான ஒழுங்குக்குப் பேர்போனது. எச்மியாட்ஸினில் தப்புப் பண்ணுகிற துறவிகளைத் தண்டனையாக அனுப்புகிற இடம். கோமிதாஸ் அதைத்தான் வரமாகக் கேட்டார்! இன்றைக்கு நீங்கள் படகில் போக வேண்டாம். சோவியத் காலத்தில் ஏரித் தண்ணீரைப் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் இறைத்ததில் நீர்மட்டம் இறங்கி, தீவு தீபகற்பம் ஆகிவிட்டது. காரை நிறுத்திவிட்டுப் படியேறினால் மேலே ரெண்டு சின்னக் கறுப்பு ஆலயங்கள், சுற்றிலும் நீலம். எல்லாரும் செல்ஃபி எடுக்கும் அந்த முனையில் நின்று, இங்கே ஓர் அறை கிடைத்திருந்தால் அவர் கதை எப்படி முடிந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

கிடைக்கவில்லை. 1910-ல் கான்ஸ்டான்டினோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புலுக்குப் போய்விட்டார். அங்கே 300 பேர் கொண்ட குசான் என்ற பாடகர் குழுவை உருவாக்கினார். நண்பர் பானோஸ் தெர்லெமெசியான் 1913-ல் அவரை வரைந்தார். மரத்தடியில், கம்பளத்தில், கையில் தாளோடு உட்கார்ந்திருப்பார். யெரெவான் தேசிய ஓவியக் கூடத்தில் அந்த ஓவியம் இருக்கிறது. நிம்மதியான கோமிதாஸைப் பார்க்கணும்னா அங்கேதான் பார்க்கணும்.

1915 ஏப்ரல் 24 இரவு. ஒட்டோமான் அரசு அந்த நகரத்திலிருந்த ஆர்மீனியக் கவிஞர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள் என இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வளைத்துப் பிடித்தது. கோமிதாஸும் அதில் ஒருவர். ரயிலில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்ந்தது சாங்கிரி என்ற ஊர். செல்வாக்குள்ள சிலர் தலையிட்டதால் அவரையும் இன்னும் சிலரையும் மட்டும் திரும்பிப் போக விட்டார்கள். கூட இருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. கவிஞர்கள் தானியேல் வருஜான், ரூபன் செவாக் இருவரும் அந்த ஆகஸ்டில் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதங்களில் கிராமம் கிராமமாக மக்கள் விரட்டப்பட்டும் கொல்லப்பட்டும் அழிந்தார்கள். அந்த இனப்படுகொலையில் இறந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. ஒரு பாட்டு உயிரோடு இருக்க ஏர் வேண்டும், களம் வேண்டும், பாடுகிற ஆள் வேண்டும் என்று எழுதியவர் அவர். அந்த ஆட்களே இல்லாமல் போனார்கள்.

திரும்பி வந்த கோமிதாஸ் பழைய கோமிதாஸ் இல்லை. பயம், தூக்கமின்மை, யாரையும் நம்பாமை. 1916-ல் நண்பர்கள் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் வீடு காலி செய்யப்பட்டது. தாள்கள் சிதறின. மூவாயிரத்துக்கும் மேல் பாட்டுகளை எழுதியிருந்தார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இன்றைக்குக் கையில் இருப்பது அதில் பாதிக்கும் குறைவு. காஸ் குறிகளைப் பற்றி அவர் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதியும் அப்படியே தொலைந்தது.

1919-ல் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1922 முதல் நகரத்தின் ஓரத்தில் வில்ஜூயிஃப் மருத்துவமனை. பார்க்க வந்தவர்களிடம் அவர் அதிகம் பேசியதில்லை. இசை எழுதவும் இல்லை. 1933-ல் அவருடைய மாணவர் ஒருவர் பதாரக்கை ஒழுங்குபடுத்தி அச்சில் கொண்டுவந்தார். வெளியானது அதே பாரிஸில்தான். எழுதியவர் சில கிலோமீட்டர் தள்ளி உயிரோடுதான் இருந்தார்.

1935 அக்டோபர் 22-ல் இறந்தார். அடுத்த வருடம் உடலை யெரெவானுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு இன்று அவர் பெயர். பக்கத்திலேயே 2015-ல் திறந்த கோமிதாஸ் அருங்காட்சியகம். அவர் கைப்பட எழுதிய ஸ்வரத் தாள்களைப் பார்க்கலாம், பாட்டுகளையும் கேட்கலாம். ஒரு சனிக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள். மறுநாள் காலையில் வகார்ஷபாத்துக்குக் கிளம்பிடுங்க. பதாரக் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய்விட்டால் பாடகர்களுக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்கும்.